பாடத்தின் எடை

பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பக்கத்துக் காட்டில், மலையுச்சி மரம் ஒன்றின் மேல் முப்பதடி உயரத்தில் ஒரு பரண் இருந்தது. கொவிட் காலத்தில், 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த உச்சிக்கு ஏறினார்கள். பிள்ளைகள் முறைவைத்துப் பரணில் உட்கார்ந்து முடித்த பாடத்தை அனுப்பினார்கள். அடுத்த பாடத்தைப் போனில் இறக்கிக்கொண்டார்கள். அதே காலத்தில் போஹிட்டியாவ கிராமத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் புதர்க்காட்டைக் கடந்து ஒரு பாறையின் உச்சிக்குப் போய் வந்தார்கள். சிறுத்தையும் யானையும் நடமாடும் வழி அது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் செய்தி வழியாக அந்தப் படங்களை உலகமே பார்த்தது.

பார்த்தவர்கள் பிள்ளைகளின் படிப்பார்வத்தைப் பாராட்டினார்கள். பாராட்டு நியாயமானதுதான். என் மனதில் மட்டும் ஒரு கேள்வி தங்கிவிட்டது: அவ்வளவு உயரம் ஏறி அவர்கள் இறக்கிக்கொண்ட அந்தப் பாடம் எவ்வளவு கனம்?

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது. அங்கே உழைப்பு முழுவதும் தராசில் ஏறித்தான் கூலியாகிறது. கொழுந்து மடுவத்தில் நிறுத்து, தோட்டம் வைத்த அளவு வந்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். இணையவழிப் பாடத்துக்கும் எடை உண்டு. அது கிலோவில் வராது, மெகாபைட்டில் வரும். அந்த எடையைத் தீர்மானிப்பவர் கற்பிப்பவர். சுமப்பவர் மாணவர். இருவரும் ஒரே மலையில் நிற்பதில்லை என்பதால், தூக்கி வைப்பவருக்குச் சுமையின் கனம் தெரிவதே இல்லை. மரமும் பாறையும் ஏறியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்; அதே மலைகளில், அதே மாதங்களில் பல்கலைக்கழக மாணவர்களும் சிக்னல் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி.

முதலில் அந்த மரத்தடிக்கே போவோம். முப்பதடி ஏறினால் என்ன மாறிவிடுகிறது? கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் போனுக்கும் நடுவே அலை ஒரு நூல்போல நேராக ஓடி வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கு ஒரு பருத்த பாதை வேண்டும். இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பெருத்த வாழைப்பூவின் வடிவம் அதற்கு. பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெலின் பெயரால் அந்தப் பகுதியைக் குறிப்பிடுவார்கள். 1800 மெகாஹேர்ட்ஸ் அலை 5 கிலோமீட்டர் தூரம் வர வேண்டுமானால், நடுவழியில் அந்த வாழைப்பூவின் ஆரம் 14 மீட்டர் அளவில் இருக்கும். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும், இடையில் ஒரு மேடோ மரத்தோப்போ அந்தப் பருத்த இடத்துக்குள் தலையை நீட்டினால் அலை வலுவிழக்கும். பரணில் ஏறிய பிள்ளை செய்தது, அந்தப் பாதையின் ஒரு முனையை ஒன்பது மீட்டர் உயர்த்தியதுதான். இயற்பியல் புத்தகம் தெரியாமலே ஊர்க்காரர்கள் சரியான விடையைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை, பூனாகலை என்று ஊவா மாகாணத்தின் தோட்டப் பகுதிகள் எல்லாம் மடிப்பு மடிப்பான மலைகள். நமுனுகுல மலை மட்டும் 2,036 மீட்டர். ஒவ்வொரு மடிப்பும் அலைக்கு ஒரு நிழல். குறைந்த அலைவரிசை மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து மறுபுறம் இறங்கும்; 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர், அது ஓரளவு வளையும். 2600 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்கும் குறைவு; அது வளைய மறுக்கும். நிறைய டேட்டாவைத் தூக்கிவரும் அலைவரிசைகள் பெரும்பாலும் இந்த வளையாத வகைதான். குரல் அழைப்பு கிடைக்கும் இடத்தில் வகுப்பு கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வரலாறு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவை மேட்டில் கட்டினார்கள், பார்வைக்கும் காற்றுக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தண்ணீர் ஓடும் பள்ளங்களை ஒட்டி, தேயிலைக்கு உதவாத நிலத்தில் கட்டினார்கள். நூறாண்டுக்கு முன் யாரும் சிக்னலை நினைத்திருக்க முடியாது. ஆனாலும் அன்று மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பிரித்த கோடு இன்று போனின் திரையில் சிக்னல் கம்பிகளாகத் தெரிகிறது. லயத்துக் கூரை தகரம். உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே லயத்து அறையான காம்பிராவுக்குள் ஒரு கம்பி, முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தால் இரண்டு, மேலே கோயில் மேட்டுக்குப் போனால் நான்கு. வகுப்புக்காக ஒரு மாணவி மழையில் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்பது இதனால்தான்.

பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் போன் பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனி கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை. மழையும் மிகக் குறைவாகத்தான் பாதிக்கும். மழைக்கு அஞ்சுபவை 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள்: ஒரு கோபுரத்தை இன்னொன்றோடு இணைக்கும் சில நுண்ணலை இணைப்புகளும், செய்மதி இணையமும். அந்த வேளையில் நம்மைக் கைவிடுவது பெரும்பாலும் மின்சாரம். காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு கோபுரமும் ஊமை. பனியும் மின்வெட்டும் ஒரே நாளில் வருவதால் பழி பனியின் மேல் விழுந்துவிடுகிறது.

பாடம் காதில் விழுகிறது, ஆனால் ஒப்படையை அனுப்ப முடியவில்லை என்று மாணவர்கள் சொன்னால் சாக்கு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது சாக்கில்லை. கோபுரம் பல பத்து வாட் சக்தியில் பேசும். கையிலுள்ள 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். சிக்னலின் எல்லையோரத்தில் கோபுரத்தின் குரல் போனுக்குக் கேட்கும். போனின் குரல் கோபுரத்தைத் தொடாது. ஆகவே முதலில் அறுவது மேலே அனுப்பும் வழி. இந்த ஒரு உண்மை தெரிந்த விரிவுரையாளர், இரவு 12 மணிக்குள் பதிவேற்று என்று கெடு வைத்துவிட்டு 12.05க்குக் கதவைச் சாத்த மாட்டார். கையெழுத்துப் பக்கங்களைப் படம் எடுத்தால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மெகாபைட். பத்துப் பக்கத்துக்கு முப்பது நாற்பது. அதையே கறுப்பு வெள்ளையில் சுருக்கி அனுப்பச் சொல்லிக்கொடுத்தால் மொத்தமே இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கும். பாதி வழியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பதிவேற்றும் முறையை அமைக்கவும் முடியும். பல இணையதளங்களில் அது முதலிலிருந்து தொடங்குகிறது. விளிம்பில் நிற்பவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் படியிலிருந்து மலையேற்றம்.

கோபுரம் ஒரு தண்ணீர்ப் பீலி மாதிரி. எத்தனை குடம் வரிசையில் நின்றாலும் வரும் தண்ணீர் ஒன்றுதான். மாலை ஏழு மணிக்கு வேலை முடித்து எல்லாரும் போனைத் திறக்கும்போது ஒவ்வொரு குடத்துக்கும் சொட்டுச் சொட்டாக விழும். நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கு மலிவான தனி டேட்டாவைக் கம்பனிகள் கொடுப்பதும் பீலி அப்போது சும்மா ஓடுவதால்தான். படிக்கிற பிள்ளைகள் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்: விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாடங்களை இறக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் இறக்கி வைக்க ஒரு பாடம் இருக்க வேண்டும். நேரலையாக மட்டும் நடக்கும் வகுப்பு, பீலியில் கூட்டம் நெரியும் நேரத்தில் மட்டும் திறக்கும் கடை.

இப்போது தராசை எடுப்போம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரணக் காணொளி ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட். வாரத்துக்கு 15 மணி நேர விரிவுரை என்றால் 6,750 மெகாபைட். அதே விரிவுரையைக் குரலாக மட்டும் தந்தால்? 2012இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட ஓப்பஸ் என்ற ஒலிச்சுருக்க முறை, மனிதப் பேச்சை வினாடிக்கு 16 கிலோபிட்டில் தெளிவாகத் தந்துவிடும். வட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குரல்செய்தி இந்த வகைதான். ஒரு மணி நேரம் 7 மெகாபைட் சொச்சம். இனி எழுத்து. ஒரு மணி நேரப் பேச்சு ஆறாயிரம் சொல் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட். சொல்லுக்குச் சராசரி 25 பைட் என்றால், முழு விரிவுரையும் 150 கிலோபைட். காணொளியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கம்பி சிக்னலில், காம்பிராவுக்குள் இருந்தபடியே, சில வினாடிகளில் வந்து சேர்ந்துவிடும்.

காணொளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நுணுக்குக்காட்டியில் ஒரு கலம் பிளவுபடுவதையும் ஆய்வுகூடத்தில் ஒரு கருவியைக் கையாளுவதையும் கண்ணால்தான் காண வேண்டும். ஆனால் விரிவுரையாளரின் முகமும் அவருக்குப் பின்னால் உள்ள புத்தக அலுமாரியும் ஒரு மணி நேரம் ஓடுவதற்காக ஒரு குடும்பம் 450 மெகாபைட் வாங்குவது வேறு. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் ஒரு பேர் 1,000 ரூபாய் ஆனது. அந்த ஆயிரத்தில் அரிசியும் மாவும் போக மிச்சத்தில்தான் அன்று டேட்டா அட்டை.

அந்தக் காலத்தில் நாடு ஒரு நல்ல காரியமும் செய்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு, அரச பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் வசதியை ஏற்படுத்தியது. தொலைபேசிக் கம்பனிகள் 2020இல் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கான டேட்டாவுக்குக் காசு வாங்கவில்லை. அதில் ஓர் ஓட்டையும் இருந்தது. இலவசம் என்பது குறிப்பிட்ட சேவையகங்களுக்கு மட்டும். விரிவுரையாளர் கற்றல் தளத்துக்குள் ஒரு யூடியூப் இணைப்பை ஒட்டி வைத்தால், அதை அழுத்திய கணத்தில் மாணவர் இலவச வேலிக்கு வெளியே போய்விடுவார். டேட்டா கரையும்போதுதான் தெரியும். அதே காணொளியைச் சுருக்கிப் பல்கலைக்கழகச் சேவையகத்திலேயே ஏற்றியிருந்தால் காசு போயிருக்காது. அறியாமல் நடந்ததுதான்; அறிந்துகொள்வது கடினமும் இல்லை.

வருகைப் பதிவு இன்னொரு வலி. பல பாடநெறிகளில் பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். ஸூம் எத்தனை நிமிடம் ஒருவர் இணைந்திருந்தார் என்று கணக்கெடுத்துக் கொடுக்கும். இணைப்பு அறுந்து அறுந்து வந்த மாணவிக்கு அதில் பாதி நிமிடம்தான் விழும். அம்மாவுக்கு மலையில் அரைப்பேர், மகளுக்கு வகுப்பில் அரைப்பேர். இருவரும் முழு நேரம் நின்றவர்கள். கமராவைப் போடு என்று கட்டாயப்படுத்துவது அதைவிடக் கொடியது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் பாட்டி படுத்திருப்பார், தம்பி உடை மாற்றுவான், அடுப்புப் புகை சுவரெல்லாம் படிந்திருக்கும். அந்த வீட்டை நாற்பது பேருக்குத் திறந்து காட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கமராவை மூடச் சொல்லும் விரிவுரையாளர் டேட்டாவையும் மிச்சப்படுத்துகிறார், ஒரு பிள்ளையின் மானத்தையும் காக்கிறார்.

எடை குறைந்த பாடம் மலைக்கு மட்டும் உதவுவதில்லை. எழுத்தாக வந்த பாடம் கண் தெரியாதவருக்குக் காதில் விழும், காது கேளாதவருக்குக் கண்ணில் விழும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்குப் பார்வை, செவிப்புலன், நடமாட்டம் போன்ற ஏதோ ஒன்றில் சிரமம் உண்டு. ஏறத்தாழ 16 இலட்சம் பேர். அவர்களில் மலையில் வாழ்பவருக்கு இரண்டு மலை.

விழிப்புலனற்ற ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். போனிலும் கணினியிலும் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இப்போது இலவசம். அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக் கூடவே வருகிறது. கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. 2006இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். தமிழ் பேசும் குரலும் அவற்றுக்கு உண்டு. அப்படியானால் தடை எங்கே? பெரும்பாலும் ஒரு எழுத்துருவில்.

இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றாலே நெடுங்காலம் பாமினி. இன்றும் அலுவலகங்களில், அச்சகங்களில், விரிவுரைக் குறிப்புகளில் அது உயிரோடு இருக்கிறது. பாமினி செய்யும் வேலை ஒரு வேடம். கணினியின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரையில் அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்திவிடுகிறது. 'தேயிலை' என்று பாமினியில் அடித்தால் உள்ளே பதிவது என், ஜே, ஏ, பி, ஐ, வை என்ற ஆறு ஆங்கில எழுத்துகள். கண்ணுள்ளவர் தேயிலையைப் பார்ப்பார். திரை வாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே உள்ளதை வாசிக்கும். ஆகவே அந்த மாணவியின் காதில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சத்தம் விழும். 'அம்மா' இன்னும் பரிதாபம்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நூறு பக்க விரிவுரைக் குறிப்பு முழுவதும் இப்படி என்றால் அவருக்கு அது வெற்றுத்தாள்.

யூனிகோடு வேடம் போடுவதில்லை. த என்றால் உள்ளேயும் த. அதற்கென்று உலகமெங்கும் ஒரே எண். தேயிலை உள்ளேயும் தேயிலையாகவே, 18 பைட்டில் பதிகிறது. திரை வாசிப்பான் வாசிக்கும், தேடினால் அகப்படும், மொழிபெயர்ப்புக் கருவி புரிந்துகொள்ளும், போனில் எழுத்துருவே நிறுவாமல் திறக்கும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. ஒரு கோப்பை மாற்ற ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை யார் செலவிடுவது என்பதுதான் இத்தனை காலமும் தீராமல் கிடக்கிறது. என்னைக் கேட்டால், தமிழில் உயர்கல்வியை எல்லாருக்கும் திறக்க இந்த ஆண்டே செய்யக்கூடிய மிக மலிவான வேலை இதுதான்.

புத்தகப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக் கற்றல் தளத்தில் போடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். படம் கனமாகவும் இருக்கும், ஊமையாகவும் இருக்கும். படத்தையும் வரைபடத்தையும் போடத்தான் வேண்டும் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் போதும். 'கீழே உள்ள வரைபடத்தைப் பார்க்க' என்பது பார்க்க முடியாதவருக்குப் பாடம் இல்லை. புத்தகங்களை விழிப்புலனற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்றுவதில் பதிப்புரிமைச் சிக்கலைத் தளர்த்தும் மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்தது. கதவு திறந்திருக்கிறது.

காதுக்கு வருவோம். காணொளியின் அடியில் ஓடும் எழுத்துரை செவிப்புலனற்றோருக்கு என்று தொடங்கியது. உளவியலாளர் மோர்ட்டன் ஆன் கெர்ன்ஸ்பேக்கர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2015இல் எழுதியதைப் பார்த்தால், அது எல்லாருக்கும் பயன் தருகிறது: கேட்கக்கூடியவர்களுக்கும், சிறுவர்களுக்கும், குறிப்பாக இரண்டாம் மொழியில் படிப்பவர்களுக்கும். ஊவாவில் இந்தக் கடைசிச் சொல் மிக முக்கியம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புகள் ஆங்கில மூலம். உயர்தரம் வரை தமிழில் படித்து வந்த தோட்டத்துப் பிள்ளைக்கு, அறுந்து அறுந்து வரும் ஆங்கிலக் குரலில் ஒரு கலைச்சொல் விழுங்கப்பட்டால் அந்த மணி நேரமே போய்விடும். அடியில் அந்தச் சொல் எழுத்தாக ஓடினால் பிடித்துக்கொள்வார். அத்துடன் ஒரு பக்கத் தமிழ்க் கலைச்சொல் பட்டியலும் சேர்ந்தால் பாதிச் சுமை இறங்கும்.

எழுத்துரையை இயந்திரமே எழுதிவிடுமே என்று கேட்கலாம். எழுதும், ஆனால் எல்லாக் குரலையும் ஒரே மாதிரிக் கேட்காது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி கருவிகளைச் சோதித்தபோது, அமெரிக்க வெள்ளையரின் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழையும் கறுப்பினத்தவரின் பேச்சில் 35 பிழையும் வந்தன. எந்தக் குரலைக் கேட்டு இயந்திரம் பழகியதோ அந்தக் குரலைத்தான் அது நன்றாகக் கேட்கும். நம் விரிவுரையாளரின் ஆங்கிலமும் நம் தமிழும் அதற்குப் பழக்கம் குறைவு. ஆகவே இயந்திரம் எழுதியதை ஒரு மனிதர் படித்துத் திருத்த வேண்டும். மேல் வகுப்பு மாணவர்களுக்கு ஊதியம் கொடுத்துச் செய்விக்கலாம். அவர்களுக்கும் அது படிப்புதான்.

பல்கலைக்கழக அனுமதியில் நாடு இந்த மலைகளை மறந்துவிடவில்லை. பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. ஊவாவின் பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் அடக்கம். வாசலில் இப்படிக் கைகொடுக்கும் நாம், உள்ளே வந்தபின் கண்டி நகரில் இருப்பவருக்கும் மடுல்சீமைக் காம்பிராவில் இருப்பவருக்கும் ஒரே 450 மெகாபைட்டை நீட்டுகிறோம். மலையைக் கருதி அனுமதி கொடுத்தவர்கள், மலையைக் கருதிப் பாடத்தையும் கட்ட வேண்டும்.

இணையவழிக் கல்வியை வகுப்பறைக்கு இரண்டாந்தரமான மாற்று என்று பேசுகிறவர்கள் சிலரைக் கணக்கில் எடுப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு லயத்திலிருந்து பஸ் வரும் தெருவுக்கு ஏறும் படிகளே முதல் தடை. கைக்குழந்தையோடு இருக்கும் தாய், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர், உயர்தரத்தோடு நின்றுபோய் முப்பது வயதில் மறுபடி புத்தகம் தொடுபவர், இவர்களுக்கெல்லாம் திரைதான் முதல் வாசல். அந்த வாசலை இலங்கை புதிதாகக் கட்ட வேண்டியதும் இல்லை. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பதுளையிலும் நிலையம் உண்டு. கொழும்புப் பக்கம் நாவலையில் உள்ள அதன் தலைமை வளாகத்துக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர் போகாமலே பதிந்து படிக்கலாம். 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொடங்கிய தொலைக்கல்வித் திட்டத்தில், வீட்டில் கணினி இல்லாதவர்கள் வந்து படிக்க நாடெங்கும் கணினி நிலையங்களைத் திறந்தார்கள். அந்த எண்ணம் சரியானது. நிலையங்கள் நகரத்தோடு நின்றதுதான் குறை. அதே நிலையம் ஒரு சிறு வடிவில், தோட்டத்தின் சனசமூக நிலையத்தில், நான்கு மேசை, மின்கலத்தோடு ஒரு சூரியத் தகடு, மேட்டில் ஒரு அன்டெனா என்று இருந்தால், மழையில் குடையோடு நிற்க வேண்டியிராது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதன் செய்மதிகளுக்கு மலைமடிப்பு பெரிய தடையில்லை, திறந்த வானம் போதும். ஒரு குடும்பம் தாங்கும் செலவில்லை அது. ஒரு தோட்டத்து நிலையம் தாங்கும்.

நம் பல்கலைக்கழகங்கள் பல பாடங்களை ஏற்றி வைக்கும் மூடில் என்ற கற்றல் தளத்தை 2002இல் வெளியிட்டவர் மார்ட்டின் டூகியாமாஸ். மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர் அவர். சிறுவயதில் சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலைக் கேட்டும், விமானத்தில் வந்த பாடப் பொதிகளைப் பிரித்தும் படித்தார். தொலைவில் இருக்கும் பிள்ளைக்குப் பாடத்தைப் பொதியாகக் கட்டி அனுப்ப வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் கட்டிய கருவி அது. இன்றும் மூடில் செயலியில் பாடங்களைப் போனில் இறக்கி வைத்துச் சிக்னலே இல்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்தால் வினாக்களுக்கும் அப்படியே விடை எழுதி, பிறகு சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். அந்த வசதியைத் திறந்து வைக்காமல், மூடிலை நேரலை வகுப்பின் இணைப்பு ஒட்டும் சுவராக மட்டும் பயன்படுத்துவது எனக்குப் பெரிய வருத்தம்.

2022 மார்ச் முடிவில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மண்சரிந்து உயிர்கள் போயின, வீதிகள் மூடின, தொலைத்தொடர்பு அறுந்தது. மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29இல் சரிந்த மண்ணை மறக்காத மாவட்டம் இது. அப்படியான நாட்களில் படிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசவும் கூடாது. ஆனால் அடுத்த வாரம், கோபுரம் இன்னும் எழும்பாத வாரம், உறவினர் வீட்டிலோ முகாமிலோ இருக்கும் ஒரு மாணவர் போனைத் திறப்பார். போனுக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கும் 150 கிலோபைட் எழுத்தும் 7 மெகாபைட் குரலும் மட்டுமே அன்று அவருடைய பல்கலைக்கழகம்.

பாடம் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒரு மாலை நேரம். மேசைக் கணினியையும் அலுவலக வைபையையும் விட்டுவிட்டு, விலை குறைந்த ஒரு போனை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பி சிக்னல் உள்ள இடத்தில் உட்கார வேண்டும். தன் பாடத்தைத் தானே இறக்கி, எத்தனை நிமிடம் எடுக்கிறது, எத்தனை மெகாபைட் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, பாடம் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒலியைக் கூட்டி, டோக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'தேயிலை' என்று எழுதிய இடத்தில் காதில் தேயிலைதான் விழுகிறதா என்று கேட்க வேண்டும்.